அடுத்த அறை கம்ப்யூட்டரின் போல்டரை லினக்ஸில் திறப்பது எப்படி?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள போட்டோக்களை லினக்ஸ் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பென் டிரைவைத் தேடுகிறோம். காப்பி செய்கிறோம். ஒரு மாதம் கழித்து, எந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது புதிய பைல், எதில் இருப்பது பழைய பைல் என்று தெரியாமல் திண்டாடுகிறோம்.

இதற்குப் பென் டிரைவே தேவையில்லை. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தால் போதும். விண்டோஸில் ஒரு போல்டரை 'ஷேர்' செய்துவிட்டால், லினக்ஸில் உட்கார்ந்தபடியே அதைத் திறக்கலாம். தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றில் இதற்கான வசதி முன்பே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளமும் இருக்கிறது. நான் அதில் விழுந்து எழுந்தவன். அதனால் வழியைச் சொல்லும்போதே பள்ளம் எங்கே என்பதையும் காட்டிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு லேப்டாப்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ள புராசசர், குறைந்தது 4 ஜிபி ராம் ஆகியவை தேவை. எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் ராம் மட்டும்தான் இருந்தது. நன்றாக ஓடும் ஒரு லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனம் வரவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு மதுரைக்குப் போனபோது அதில் லினக்ஸ் மின்ட் நிறுவி அம்மாவிடம் கொடுத்தேன்.

ஹாலில் அப்பாவின் டெஸ்க்டாப் இருக்கிறது. அதில் விண்டோஸ் 11. வீட்டின் மொத்தப் போட்டோக்களும் அதன் 'டி' டிரைவில்தான் இருந்தன. அம்மா உள் அறையில் உட்கார்ந்தபடியே அவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, போட்டோ போல்டரை ஷேர் செய்தேன். பத்து நிமிட வேலை. 'எவ்ரிஒன்' என்பதைத் தேர்வு செய்து, 'ரீட்/ரைட்' அனுமதி கொடுத்தேன். அதாவது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அதன் பொருளை அப்போது நான் யோசிக்கவில்லை. அம்மா லேப்டாப்பில் படங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் பெருமையோடு சென்னைக்குக் கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன். "தம்பி, மங்கலா இருந்த படத்தையெல்லாம் அழிச்சேன்டா. கூடவே தாத்தா சதாபிஷேகப் படமும் போயிருச்சு போல. குப்பைத் தொட்டியில இருக்கும்ல, எடுத்துக் குடு."

குப்பைத் தொட்டியில் அது இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

எஸ்எம்பி, சம்பா என்றால் என்ன?

விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் மொழிக்குப் பெயர் எஸ்எம்பி. 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்பதன் சுருக்கம் இது. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. பிறகு மைக்ரோசாப்ட் அதை எடுத்து வளர்த்தது.

லினக்ஸுக்கு இந்த மொழியைக் கற்றுக்கொடுத்த சாப்ட்வேர் சம்பா. இதைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1992 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். அவர் கையில் விதிமுறைப் புத்தகம் ஏதும் இல்லை. நெட்வொர்க் கேபிளில் ஓடும் தகவல்களை ஒட்டுக்கேட்டு, இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத்தான் எழுதினார்.

பெயர் வந்த கதையும் சுவையானது. முதலில் வைத்த பெயரில் வர்த்தக உரிமைச் சிக்கல் வந்தது. உடனே அவர் கம்ப்யூட்டரில் இருந்த ஆங்கில அகராதியில், எஸ் என்ற எழுத்தில் தொடங்கி எம், பி ஆகியவை அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். கிடைத்த சில சொற்களில் ஒன்று, பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான சம்பா.

பல ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் நடந்த போட்டிச் சட்ட வழக்கின் பயனாக, 2007 டிசம்பரில் மைக்ரோசாப்டின் விதிமுறை ஆவணங்கள் ஓர் ஒப்பந்தம் மூலம் சம்பா குழுவினருக்குக் கிடைத்தன. அதற்கான கட்டணம் 10,000 யூரோ. இன்று லினக்ஸும் விண்டோஸும் சண்டையில்லாமல் பேசிக்கொள்வதற்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

லினக்ஸில் உட்காரும் முன், விண்டோஸ் கம்ப்யூட்டரில் நான்கு வேலைகள் உள்ளன. வரிசை மாறாமல் செய்யுங்கள். இங்கே விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன்.

1. நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்குங்கள். செட்டிங்ஸ் திறந்து, 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' பகுதிக்குச் செல்லுங்கள். வை-பை என்றால் அதன் ப்ராபர்ட்டீஸ், கேபிள் என்றால் ஈதர்நெட். அங்கே 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் விண்டோஸ் வெளியாரைக் கண்டதுபோல் கதவை மூடிக்கொள்ளும். பிறகு அதே பகுதியில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' செல்லுங்கள். பிரைவேட் என்ற தலைப்பின் கீழ் 'பைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்' ஆன் நிலையில் இருக்க வேண்டும். கீழே 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்று ஒன்று இருக்கும். அதுவும் ஆன் நிலையிலேயே இருக்கட்டும். சிலர் சுலபம் என்று அதை ஆப் செய்யச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

2. தனியாக ஒரு யூசரை உருவாக்குங்கள். இதுதான் பலர் தவறவிடும் படி. விண்டோஸைத் திறக்க நாம் 4 இலக்க பின் நம்பர் தட்டுகிறோம். அந்த பின் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தால் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வரும்போது பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட் என்றால் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. எனவே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', பிறகு 'அதர் யூசர்ஸ்', பிறகு 'ஆட் அக்கவுண்ட்' கிளிக் செய்யுங்கள். இமெயில் கேட்கும். 'இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை' என்ற பொருள் தரும் வரியைக் கிளிக் செய்யுங்கள். அடுத்த திரையில் 'மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் யூசரைச் சேர்' என்ற பொருள் தரும் வரி இருக்கும். அதைத் தேர்வு செய்து, ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாத ஒரு சின்னப் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் கொடுங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

3. போல்டரை ஷேர் செய்யுங்கள். போல்டர் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' தேர்வு செய்யுங்கள். 'ஷேரிங்' டேபில் 'ஷேர்' பட்டனை அழுத்துங்கள். இப்போது உருவாக்கிய யூசரின் பெயரைத் தட்டி 'ஆட்' கொடுங்கள். பக்கத்தில் 'பெர்மிஷன் லெவல்' என்று இருக்கும். அதில் 'ரீட்' மட்டும் இருக்கட்டும். 'ஷேர்', பிறகு 'டன்'. நான் செய்த தவறு இந்த இடத்தில்தான். 'எவ்ரிஒன்', 'ரீட்/ரைட்' இரண்டையும் தொடாதீர்கள்.

4. ஐ.பி. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, ஐபிகான்பிக் என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் 192.168.1.5 போன்ற ஓர் எண் இருக்கும். உங்கள் வீட்டில் எண் வேறாக இருக்கும். அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

லினக்ஸில் திறப்பது

இனி லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வாருங்கள். அதுவும் அதே ரவுட்டரில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ விருந்தினருக்கான 'கெஸ்ட்' வை-பையிலோ இருந்தால் வேலை நடக்காது.

பைல் மேனேஜரைத் திறங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எல் கீயைத் தட்டுங்கள். மேலே முகவரி தட்டும் கட்டம் வரும். லினக்ஸ் மின்டின் நெமோ, உபுண்டுவின் பைல்ஸ் இரண்டிலும் இதே வழிதான். அதில் முகவரியை இப்படித் தட்ட வேண்டும்: முதலில் எஸ், எம், பி என்ற 3 ஆங்கிலச் சிறிய எழுத்துகள். அதை ஒட்டி, இடைவெளி விடாமல் இது:

://192.168.1.5/

எண்ணுக்குப் பதில் உங்கள் தாளில் உள்ள எண். விண்டோஸில் இடப்பக்கம் சாயும் கோடு போட்டுப் பழகியவர்கள் கவனியுங்கள். இங்கே வலப்பக்கம் சாயும் கோடு. கேள்விக்குறி இருக்கும் கீயில்தான் அது இருக்கிறது. என்டர் தட்டுங்கள்.

ஒரு சிறிய டயலாக் பாக்ஸ் வரும். அதில் 'ரிஜிஸ்டர்டு யூசர்' என்பதைத் தேர்வு செய்து, தாளில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். 'டொமைன்' என்ற கட்டத்தில் 'வொர்க்குரூப்' என்று இருந்தால் அப்படியே விடுங்கள். கீழே மூன்று வாய்ப்புகள் இருக்கும். பாஸ்வேர்டை உடனே மறந்துவிடலாம், லாக்அவுட் செய்யும் வரை நினைவில் வைக்கலாம், எப்போதும் வைத்திருக்கலாம். வீட்டு லேப்டாப் என்றால் மூன்றாவது போதும். 'கனெக்ட்' கிளிக் செய்யுங்கள். ஷேர் செய்த போல்டர் கண்ணுக்குத் தெரியும்.

போல்டரைத் திறந்ததும் கன்ட்ரோல் கீயுடன் டி கீயைத் தட்டுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அது புக்மார்க்காக அமர்ந்துவிடும். அடுத்த முறை ஒரே கிளிக். தமிழில் பெயர் வைத்த போல்டர்களும் பைல்களும் தமிழிலேயே தெரியும். இரு பக்கமும் யூனிகோட் என்பதால் கட்டம் கட்டமாக வராது.

திறக்கவில்லையா?

கனெக்ட் ஆகாமல் வெகுநேரம் சுற்றுகிறது என்றால்: விண்டோஸ் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஸ்லீப் நிலைக்குப் போன கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் பதில் சொல்லாது. விழித்திருந்தால், ஐ.பி. எண் மாறியிருக்கலாம். ரவுட்டர் இன்று ஒரு எண், நாளை ஒரு எண் கொடுக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' வசதி இருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். அதுவும் சரியென்றால், ஆன்டிவைரஸுடன் வந்த பயர்வால் 445 என்ற போர்ட்டை மறித்திருக்கலாம். எஸ்எம்பி அந்த வழியாகத்தான் வருகிறது.

பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது என்றால்: பின் நம்பரைத் தட்டுகிறீர்கள், அல்லது யூசர் பெயரில் எழுத்துப்பிழை. தாளைப் பாருங்கள்.

'நெட்வொர்க்' பகுதி காலியாக இருக்கிறது என்றால்: இதுதான் பலரைக் குழப்புவது. முன்பெல்லாம் அங்கே கிளிக் செய்தால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் வரிசையாகத் தெரியும். அந்தப் பட்டியல் எஸ்எம்பியின் மிகப் பழைய முதல் பதிப்பை நம்பியிருந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ், அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பல நாடுகளின் கம்ப்யூட்டர்களில் புகுந்து, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது முதல் பதிப்பு தானாக வருவதில்லை. சம்பாவும் 2019ல் வந்த 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. எனவே பட்டியல் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். மேலே சொன்னபடி முகவரியை நேராகத் தட்டினால் போல்டர் திறக்கும்.

பழைய குறிப்புகள் சிலவற்றில், 'விண்டோஸ் பீச்சர்ஸ் பகுதிக்குப் போய் எஸ்எம்பி 1.0ஐ ஆன் செய்யுங்கள்' என்று இருக்கும். பட்டியல் தெரிவதற்காக வீட்டுப் பூட்டைக் கழற்றி வைப்பது போன்றது அது. செய்யாதீர்கள்.

பள்ளம் எங்கே இருக்கிறது?

இப்போது அம்மாவின் போனுக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. தவறு என்றால் திரும்ப எடுக்கலாம். ஆனால் நெட்வொர்க் வழியாக, வேறு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தால் அது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. லினக்ஸின் டிராஷுக்கும் வருவதில்லை. நேராக அழிந்துவிடும். லினக்ஸ் எச்சரிக்கத்தான் செய்கிறது. 'இதை டிராஷுக்கு அனுப்ப முடியாது, நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் கேட்கிறது. அம்மா, வழக்கமாக வரும் கேள்விதான் என்று நினைத்து 'டெலீட்' கொடுத்துவிட்டார்.

அன்றிரவே பஸ் ஏறினேன். போட்டோரெக் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரால், அழிந்த படங்களை டிஸ்க்கிலிருந்து தேடி எடுக்க முடியும். இரண்டு இரவுகள் ஓடவிட்டேன். தாத்தாவின் படம் ஒன்றுகூட வரவில்லை. அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்தது எஸ்எஸ்டி. பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்த பைலின் தடயம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை இருக்கும். எஸ்எஸ்டியில் அப்படியில்லை. அழித்த இடத்தை 'ட்ரிம்' என்ற வசதி சீக்கிரமே காலி செய்துவிடும். பிறகு எந்த சாப்ட்வேராலும் எடுப்பது கடினம்.

மொத்தம் 212 படங்கள். போட்டோகிராபர் அப்போது கொடுத்த டிவிடி கோவையில் அத்தை வீட்டு பீரோவில் இருந்தது. அதிலிருந்து 140 படங்கள் கிடைத்தன. மீதி 72 அப்பா தன் கேமராவில் எடுத்தவை. அவற்றுக்கு வேறு காப்பி இல்லை. தாத்தா பந்தியில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும் படமும் அவற்றில் ஒன்று. தாத்தா இப்போது இல்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. "நான்தானே அழிச்சேன்" என்று மட்டும் சொன்னார். அழிக்கும் அனுமதியைக் கொடுத்தது நான் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு இதுதான்:

போட்டோ போல்டர்: அம்மாவின் யூசருக்கு 'ரீட்' மட்டும். பார்க்கலாம், லேப்டாப்புக்குக் காப்பி செய்யலாம். அழிக்க முயன்றால் 'பெர்மிஷன் டினைடு' என்று வரும். அது தவறல்ல, நாம் கேட்ட காவல்.

தபால் போல்டர்: புதிய படங்களைப் போடுவதற்கென்று இன்னொரு போல்டர். இதற்கு மட்டும் 'ரீட்/ரைட்'. மாதம் ஒருமுறை அப்பா அதிலிருந்து எடுத்துப் போட்டோ போல்டரில் வைக்கிறார்.

வெளி ஹார்டு டிஸ்க்: மாதம் ஒருமுறை முழுக் காப்பி. காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். வான்னாகிரை போன்ற வைரஸ் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். பீரோவில் இருப்பதை அது ஒன்றும் செய்யாது.

இன்றே செய்து பாருங்கள்

எடுத்த எடுப்பில் போட்டோ போல்டரை ஷேர் செய்யாதீர்கள். 'சோதனை' என்று ஒரு போல்டர் உருவாக்கி, தேவையில்லாத இரண்டு மூன்று பைல்களைப் போடுங்கள். அதை 'ரீட்' அனுமதியுடன் ஷேர் செய்து, லினக்ஸில் திறந்து, ஒரு பைலை அழிக்க முயன்று பாருங்கள். அழிய மறுத்தால் உங்கள் ஏற்பாடு சரி. பிறகு 'ரீட்/ரைட்' ஆக மாற்றி, அழித்து, விண்டோஸின் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருப்பதை வீட்டில் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒருமுறை காட்டுங்கள்.

அதன் பிறகு வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிட்டு, போட்டோ போல்டரை ஷேர் செய்யுங்கள்.